மடைப்பலகையின் தகரத் துண்டு

இதில் நான் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டுமே எழுதுகிறேன். பிறர் வாயிலாக அறிந்ததை எழுத நேரும் இடத்தில் அதை அப்படியே குறிப்பேன். உரையாடல்களை நினைவிலிருந்து தருகிறேன். நினைவில் நிற்காத சொற்களுக்குப் பதிலாக வேறு சொற்களை இட்டு நிரப்பவில்லை. யாருடைய பெயரும் இதில் இல்லை. ஒரு நினைவுக் கட்டுரைக்கு இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று தோன்றலாம். சரிபார்த்த பல செய்திகளுக்கு நடுவே சரிபார்க்காத ஒன்றை ஒருமுறை நான் வைத்தேன். சுற்றியிருந்த உண்மைகள் அனைத்தும் அந்த ஒன்றுக்குச் சாட்சி சொல்லிவிட்டன. அதன் விளைவை அனுபவித்தவள் என் அக்கா. அவளைப் பற்றி மறுபடியும் எழுதும்போது அதே பிழையைச் செய்ய எனக்கு உரிமை இல்லை.

நான் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறேன். தல்லாகுளத்தில் குடியிருக்கிறேன். ஆய்வேட்டுக்கு அடிக்குறிப்பு எழுதிப் பழகிய கை என்னுடையது. மாணவர் ஒருவர் 'ஏறத்தாழ' என்று எழுதினால், எவ்வளவு என்று ஓரத்தில் கேள்விக்குறி இடுவேன். என் அக்கா சோழவந்தானில் வாழ்க்கைப்பட்டவள். அத்தான் வீட்டார் வெற்றிலை பயிரிடுகிறவர்கள். அகத்தி மரங்களில் கொடியேற்றி வளர்க்கும் அந்தத் தோட்டத்தைக் கொடிக்கால் என்பார்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே கால் வைத்தால் குளிர்ந்திருக்கும். மண் ஒருநாளும் காயக் கூடாது.

அத்தானுக்கு ஒரு தம்பி உண்டு. இருவருடைய கொடிக்கால்களும் ஒரே வாய்க்காலில் அடுத்தடுத்து இருந்தன. மேலே இருப்பது அத்தானுடையது. கீழே, வாய்க்காலின் கடைசியில் இருந்தது தம்பியுடையது. இரண்டுக்கும் இடையில் ஒரு சிறிய சிமெண்டு மடை. அதில் ஒரு மரப்பலகையை இறக்கினால் தண்ணீர் மேலே நின்றுவிடும். தூக்கினால் கீழே போகும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரையில் தம்பிக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டு, மதுரையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒன்பது நாள் இருந்தார். மருத்துவமனைச் சீட்டில் நாள்களைப் பின்னர் நானே பார்த்திருக்கிறேன். அவர் மனைவி உடனிருந்தார். கொடிக்காலை அண்ணன் வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது கீழ்க் கொடிக்கால் காய்ந்து கிடந்தது. இலைகள் வெளுத்து உதிர்ந்திருந்தன. அந்த வாரம் அக்காவைப் பார்க்கப் போயிருந்த நான் அதை நேரில் கண்டேன். கடைமடைக்குத் தண்ணீர் ஏறவில்லை என்றார் அத்தான். மேலே ஏறிய தண்ணீர் கீழே ஏன் ஏறவில்லை என்று தம்பியின் மனைவி கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று யாரும் விடை சொல்லவில்லை. சில வாரங்களில் தம்பி குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டது.

பத்தாண்டுகள் கழித்து அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். அதன் பிறகும் ஓரகத்திகளான அக்காவும் தம்பியின் மனைவியும் ஓராண்டுக்கு மேல் முகம் பார்த்துப் பேசவில்லை. ஒருநாள் காலை அக்கா என்னைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"ஏடி, இன்னைக்கு அவளா வந்து கறிவேப்பில கேட்டாடி!"

"நீ குடுத்தியா?"

"குடுத்தனாவா? மரத்தையே வெட்டிக் குடுத்திருப்பேன்."

அதிலிருந்து தொடங்கிற்று. அக்கா மகளுக்குத் தை மாதத்தில் திருமணம் என்று முடிவானபோது, மணமேடைக்கு வெற்றிலைத் தட்டை யார் எடுப்பது என்ற பேச்சு எழுந்தது. அந்த வீட்டில் அந்தத் தட்டைப் பெண்ணின் சித்திதான் எடுப்பார். பெண்ணின் தாயோடு சேர்ந்து நடந்து வருவார். ஓரகத்தி தாமாகவே, "நான் எடுக்காம வேற யாரு எடுப்பா?" என்றாராம். இது அக்கா சொல்லி நான் அறிந்தது. சொல்லும்போது அவள் குரல் உடைந்ததை நானே கேட்டேன்.

அந்த ஆண்டில்தான் நான் ஒரு நாடகம் எழுதினேன்.

இரண்டு சகோதரர்கள், இரண்டு கொடிக்கால்கள், ஒரு காய்ச்சல், காய்ந்துபோன ஒரு தோட்டம். பெயர்களை மாற்றினேன், ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன். மற்ற அனைத்தையும் துல்லியமாக எழுதினேன். ஒரு கவுளிக் கட்டுக்கு எத்தனை இலை அடுக்குகிறார்கள், எந்த நாரால் கட்டுகிறார்கள், எந்த மாதத்தில் அகத்தியின் கிளைகளைக் கழிக்கிறார்கள் என்பதையெல்லாம் மூவரிடம் கேட்டு, மூவரும் ஒத்துச் சொன்னதையே எழுதினேன். அந்த முதல் பிரதியில் தண்ணீர் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. நடந்ததும் அதுதான்.

காளவாசலில் ஒரு கடையின் மாடியில் இயங்கும் நாடகக் குழுவொன்று புதிய நாடகங்களைக் கேட்டிருந்தது. அவர்கள் பிரதியை வாங்கி உடனே மேடையேற்றுவதில்லை. எழுதியவரை அழைத்து, நடிகர்களோடு உட்கார்ந்து சில மாதங்கள் வாசித்து, திருத்தி, வளர்ப்பார்கள். கடைசியில், கதை எந்த ஊரில் நிகழ்கிறதோ அந்த ஊருக்கே போய் மக்கள் நடுவில் வாசிப்பார்கள். அதற்கு ஊர் வாசிப்பு என்று பெயர். எழுதியவர் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வேண்டும். வாசிப்பு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. இந்த முறைக்கு உடன்பட்டால்தான் பிரதியை எடுத்துக்கொள்வார்கள்.

பிரதியோடு ஒரு படிவமும் நிரப்ப வேண்டியிருந்தது. கதை நிகழும் இடம் எது என்று கேட்டிருந்தார்கள். சோழவந்தான் என்று எழுதினேன். உண்மை நிகழ்வை அடிப்படையாகக் கொண்டதா என்ற கேள்விக்கு எதிரே, ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள் இருந்தன. 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அப்போது அது சரியான விடை.

குழுவின் நெறியாளர் பகலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர். அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணே என்றுதான் அழைத்தார்கள். அக்காவின் பாத்திரத்தை வாசித்த பெண் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்ப்பவர். கடை முடிந்து பேருந்தில் நின்றபடி வந்து, மாடிப்படி ஏறும்போதே வசனம் சொல்லத் தொடங்குவார். முதல் நாள் வாசிப்பு பாதியில் நின்றது.

"மேடம், ஸ்கிரிப்ட் நல்லாருக்கு" என்றார் நெறியாளர். "ஆனா இந்தம்மா வெத்தல கிள்ளுறவுக. இவுக மேடையில நின்னு 'யான் என் செய்வேன்'னு சொன்னா சோழவந்தான்காரன் சிரிச்சே செத்துருவான்."

"'யான்' என்று நான் எழுதவேயில்லை" என்றேன்.

"எழுதலதான். ஆனா கேக்குதுல்ல?"

ஜவுளிக் கடைப் பெண், "அண்ணே, எனக்கே சிரிப்பு வருதுண்ணே. அக்கா, கோவிச்சுக்காதீக" என்றார்.

எழுத்துத் தமிழ் எல்லா ஊருக்கும் பொதுவானது என்று நான் வாதிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "பொதுதான் மேடம். ஆனா பொதுவா யாரும் அழுக மாட்டாக. அவுக அவுக வீட்டுப் பேச்சுலதான் அழுவாக" என்றார். ஒரு பிரதியை எழுதிப் பிறரிடம் கொடுத்த பிறகுதான், அதில் வாய்கள் இருக்கின்றன என்பது எனக்கு உறைத்தது.

அதனால் தொடர்ந்து ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் குறிப்பேட்டோடு அக்கா வீட்டுக்குப் போனேன். கொடிக்காலில் அவள் பின்னாலேயே நடந்தேன். அவள் பேசியதையும், ஓரகத்தி வேலிக்கு அப்பாலிருந்து பேசியதையும் எழுதிக்கொண்டேன்.

"என்னடி இது, வாயத் தொறந்தா எழுதுற? ஓட்டர் லிஸ்ட்டுல பேரு சேக்கப் போறியா?" என்றாள் அக்கா.

"நாடகத்துக்கு."

"நாடகமா? எம்புட்டுப் பேரு பாப்பாக? நான் பேசுறதப் பாக்கறதுக்கு ஒரு கூட்டமா? ஒங்க அத்தான் ஒருத்தரு கேட்டாப் போதும், அவருதான் கேக்க மாட்டாரு."

நாடகம் எதைப் பற்றியது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைச் சரிபார்க்க இனி வழியில்லை.

மூன்றாம் மாதத்தில் ஒரு மாலை, வாசிப்பு முடிந்து அனைவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நெறியாளர் பிரதியை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"தண்ணி வரல. சரி. யாரு நிறுத்துனா?"

"யாரும் நிறுத்தல. கடைமடைக்குத் தண்ணி ஏறல."

"அது கலெக்டர் ஆபிசுல மனு குடுக்க ஆகும் மேடம். நாடகத்துக்கு ஆகாது. ஒரு கை வேணும். வானத்து மேல யாரும் கோவப்பட முடியாதுல்ல?"

வீடு திரும்பும்வரை அந்தச் சொல் என்னோடு வந்தது. அவர் சொன்னது சரி என்று என் உள்ளம் ஒப்பியது. பயிற்சி பெற்ற வாசகர் எவரும் அதைத்தான் சொல்வார். காரணமில்லாமல் ஒரு தோட்டம் காய்வதைக் கண்டு பார்வையாளர் வருந்துவார். ஆனால் இருக்கையின் நுனிக்கு வரமாட்டார்.

யாருடைய கை என்பதை நான் நெடுநேரம் தேடவில்லை. அண்ணனின் கை என்றால் அது வெறும் பங்காளிப் பகையாகிவிடும். அண்ணன் மனைவியின் கை என்றால், தன் பிள்ளைகளுக்காகச் செய்தாள், ஆயுள் முழுவதும் சொல்லாமல் சுமந்தாள் என்று அந்தப் பாத்திரம் வளரும். அடுத்த ஞாயிறு நான் கொடிக்காலுக்குப் போய் மடையைப் பார்த்தேன். பலகை மடையின் ஓரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. என் கையால் இரண்டு சாண் அகலம். மேல் விளிம்பு பிளந்திருந்ததால் எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய ஒரு தகரத் துண்டை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அதன் மஞ்சள் வண்ணம் இன்னும் போகாமல் இருந்தது. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். அந்தக் காட்சியை ஒரே அமர்வில் எழுதி முடித்தேன்: நண்பகல், ஆண்கள் வெற்றிலைச் சுமையோடு கடைக்குப் போயிருக்கிறார்கள், அவள் தனியே வருகிறாள், சுற்றிப் பார்க்கிறாள், பலகையை இறக்குகிறாள், தகரத்தின் முனை அவள் உள்ளங்கையைக் கீறுகிறது, அவள் அந்தக் கையை வாய்க்கால் நீரில் கழுவுகிறாள். அதற்குமேல் வசனம் ஏதும் இல்லை.

ஜவுளிக் கடைப் பெண் அதை வாசித்து முடித்தார். "இப்பத்தான் மேடம் இது நாடகம்" என்றார் நெறியாளர். நான் எழுதியவற்றிலேயே சிறந்தது அதுதான் என்று எனக்கும் தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

படிவம் எனக்கு நினைவுக்கு வரவில்லை என்று எழுதினால் அது பொய். ஊர் வாசிப்புக்கு ஒரு வாரம் முன்பு, கல்லூரிக்குப் போகும் பேருந்தில் அது நினைவுக்கு வந்தது. 'ஆம்' என்ற விடை இப்போது பொருந்தாது. திருத்தித் தர வேண்டும் என்று எண்ணினேன். பிறகு, ஒரு காட்சி தவிர மற்றதெல்லாம் நடந்தவைதாமே, 'இல்லை' என்று குறியிட்டால் அதுவும் பொய்யாகுமே, 'பெரும்பாலும்' என்று எழுத அதில் கட்டம் இல்லையே என்று எனக்கு நானே நியாயம் கற்பித்துக்கொண்டேன். என் நிறுத்தம் வந்தது. இறங்கிவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு பிற்பகல் ஊர் வாசிப்பு. வெற்றிலை ஏலம் விடும் கூடத்தை ஊரார் கொடுத்திருந்தார்கள். காலை ஏலம் முடிந்து தரையைக் கழுவி ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். ஈர இலையின் காரமணம் போகாமல் நின்றது. எழுபது எண்பது பேர் இருக்கலாம், எண்ணிப் பார்க்கவில்லை. அக்காவை வரச் சொன்னவள் நான். ஓரகத்தியை அழைத்து வந்தவள் அக்கா. இருவரும் ஒரே ஜமுக்காளத்தில், முழங்கால்கள் தொடும்படி அமர்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்கு மூன்று வரிசை பின்னால் இருந்தேன்.

நெறியாளர் எழுந்து நின்றார். "எல்லாருக்கும் வணக்கம். இது ஏதோ கற்பனைக் கதையில்ல. இந்த மண்ணுல நடந்தது. எழுதுனவுகளே உண்மைச் சம்பவம்னு எழுத்துல குடுத்திருக்காக. கேட்டுட்டு, தப்பிருந்தாச் சொல்லுங்க."

அந்த நொடியில் எழுந்து நின்றிருக்க வேண்டும். பேசக் கூடாது என்ற விதி இருந்தது. விதியை மீறி ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் யாரும் என்னைத் தூக்கிலிட்டிருக்க மாட்டார்கள். எழவில்லை. முதல் காட்சியிலேயே, கணவர் காது கேளாதவர் போல நடிப்பதைப் பற்றி ஜவுளிக் கடைப் பெண் சொல்லும் வசனத்துக்குக் கூடம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். ஓரகத்தி அவள் தொடையில் தட்டி, "அக்கா, இது நீதான்!" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அடுத்த அரை மணி நேரம் நான் மகிழ்ச்சியாக இருந்தேன். அதையும் மறைக்காமல் எழுதிவிட வேண்டும்.

காய்ச்சல் காட்சி வந்தபோது அவர்கள் சிரிப்பது நின்றது. ஒன்பது நாள் என்று வந்தபோது ஓரகத்தியின் தலை நிமிர்ந்தது. பிறகு மடை.

"மேல் விளிம்பில், எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய மஞ்சள் தகரத் துண்டு" என்று வாசித்ததும், முன்வரிசையிலிருந்து ஒருவர் உரக்கச் சொன்னார்: "அட, நம்ம வடக்கு வாய்க்கா மடைதானடா இது!"

"சும்மா இரு மாப்ள, கேப்போம்."

பலகை இறங்கியது. ஜவுளிக் கடைப் பெண் தம் வெறுங்கையை நீரில் கழுவுவதுபோல் காட்டினார். ஓரகத்தி எழுந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். அக்காவைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. எனக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது. ஆள்களைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். அக்கா திரும்பவில்லை. வாசிப்பு முடியும்வரை அவளுடைய தலை ஒரே நிலையில் இருந்தது.

கலந்துரையாடலில் எழுதியவரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நான் எழுந்து, "மடையை அடைக்கிற காட்சி என் கற்பனை. அப்படி யாரும் செய்யல" என்றேன்.

"டீச்சரக்கா, எது நெசம் எது கற்பனைன்னு முன்னாடியே சொல்லிருந்தா நாங்க பிரிச்சுப் பிரிச்சுக் கேட்டிருப்போம்ல?" என்றார் ஒருவர். கூடம் சிரித்தது.

சிரிக்காத இன்னொருவர் எண்ணிக்கொண்டே சொன்னார்: "காய்ச்சல் நெசம். ஒம்பது நாளு நெசம். தகரம் நெசம். பலகைய எறக்குனது மட்டும் பொய்யி?"

நான் மீண்டும் அதே இரண்டு வாக்கியங்களைச் சொன்னேன். சொல்லும்போதே ஒன்று புலப்பட்டது. முதல் வாக்கியத்துக்கு நான் சாட்சி. இரண்டாவது வாக்கியத்தைச் சொல்ல என்னிடம் என்ன சான்று இருந்தது?

பேருந்து நிறுத்தம்வரை அக்கா என்னோடு நடந்தாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. அவள் முந்தானையால் தலையை மூடிக்கொண்டாள்.

"யாரு சொன்னா ஒனக்கு?" என்றாள்.

"யாரும் சொல்லலக்கா. நானா எழுதினது."

"நானான்னா?"

"கதைக்கு வேணும்னு சொன்னாங்க. அதான்."

"கதைக்கு வேணும்னு எங் கையையா வச்ச?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. பேருந்து வந்ததும், "ஏறு, ஒக்கார எடம் கெடக்கு" என்றாள். அப்படிச் செய்யவில்லை என்று அவள் சொல்லுவாள் என நான் அந்தச் சாலை நெடுகிலும் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. கேட்கப்படாத குற்றத்தை மறுக்க வேண்டிய தேவை அவளுக்கு இல்லை என்று ஒரு நாள் நினைப்பேன். மறுநாள் வேறுவிதமாக நினைப்பேன்.

அடுத்த சனிக்கிழமை ஓரகத்தியின் வீட்டுக்குப் போனேன். என் வழக்கப்படி சான்றோடு போனேன். மடைக் காட்சி இல்லாத முதல் பிரதி, அதை அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்படி, காட்சி சேர்ந்த இரண்டாம் பிரதி ஆகிய மூன்றையும் உறையில் வைத்திருந்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். நான் தாள்களை விரித்து, நாள்களைச் சுட்டிக்காட்டி விளக்கினேன். ஒரு வழக்கறிஞர் போலத்தான் பேசினேன் என்று இப்போது தோன்றுகிறது. அவர் முழுவதும் கேட்டார்.

"டீச்சரக்கா, மொதல்ல எழுதும்போது பயந்துருப்பீக. கூடப் பொறந்தவளாச்சே. அப்பறம் தைரியம் வந்துருக்கும்" என்றார்.

"இல்லம்மா. அவங்க கேட்டதால சேர்த்தேன்."

"தகரத்துல கை கிழியும்னு அவுகளா சொன்னாக? அந்தப் பலகையத் தூக்கி எறக்குனவளுக்குத்தானே அது தெரியும்? எனக்குத் தெரியும். ஒங்க அக்காவுக்குத் தெரியும். ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பலகையைத் தூக்கிப் பார்த்தேன், கூர்மையாக இருந்தது, கிழிக்கும் என்று ஊகித்தேன் என்றேன்.

அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கி, உறையில் இட்டு, என் கையில் கொடுத்தார். "பத்து வருசம் நானா ஒரு கணக்குப் போட்டுப் பாத்து, சேச்சே, இருக்காதுன்னு மனசத் தேத்தித்தான் ஊருக்கு வந்தேன். அத நீங்க எழுதிப் படிச்சுக் காட்டிட்டீக. அம்புட்டுத்தான். காப்பி குடிக்கிறீகளா?"

அவர் சினந்திருந்தால் எனக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

காளவாசலில் இதற்கிடையே நாடகத்தை மேடையேற்ற முடிவு செய்திருந்தார்கள். அந்தக் காட்சியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். எடுத்தால் பழையபடி தண்ணீர் மட்டும்தான் மிஞ்சும் என்றார் நெறியாளர். அவர் தீயவர் அல்லர்; முகம் வாடித்தான் இருந்தது. என் படிவத்தை நம்பித்தான் அப்படி அறிவித்தார். அந்தப் பிழையில் அவருக்குப் பங்கில்லை.

"முழுசா திரும்பி வாங்கிக்கிறேன்" என்றேன்.

"யோசிங்க மேடம். மேடையில போட்டா, பாக்கறவுக இது ஒரு கதைன்னு போயிருவாக. நிறுத்துனா, உண்மைங்கறதாலதான் நிறுத்திட்டாகன்னு ஊரு பேசும். எது பரவால்லன்னு நீங்களே சொல்லுங்க."

இரண்டும் அவர் சொன்னபடியே ஆகக்கூடியவை. அக்காவை அழைத்துக் கேட்டேன்.

"போடு, போடாம இரு. அத எங்கிட்டக் கேக்காத" என்றாள். "எனக்கு அவ தட்டு எடுக்கணும். அதுக்கு என்ன செய்யணுமோ செய்யி."

அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. நாடகத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தை எழுதினேன். காரணம் என்ற இடத்தில், 'பிரதியில் சரிபார்க்கப்படாத செய்தி உள்ளது' என்று குறிப்பிட்டேன். அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை ஓரகத்திக்கும் அனுப்பினேன். மறுமொழி வரவில்லை.

தையில் திருமணம் நடந்தது. மணப்பெண்ணின் சித்தப்பா தனியாக வந்தார். காலை ஆறு மணிக்கே வந்து, வாழைமரம் கட்டுவதிலிருந்து பந்தி பரிமாறுவதுவரை உடன் நின்றார். மனைவிக்குத் தலைவலி என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். மேளம் மாறி, மணமேடைக்குப் போகும் நேரம் வந்தபோது வெற்றிலைத் தட்டு மேசையிலேயே இருந்தது. மேல் கொடிக்காலில் அன்று காலை கிள்ளிய இலைகளை, நுனி வெளிப்பக்கம் பார்க்க வட்டமாக அடுக்கியிருந்தார்கள். அக்கா வாசலை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் தட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீ எடு" என்றாள்.

"அக்கா, சித்தி எடுக்க வேண்டிய தட்ட நான்..."

"நீயுந்தானடி அவளுக்குச் சித்தி. எடு."

நான் எடுத்தேன். அவளோடு சேர்ந்து நடந்தேன். வழியெல்லாம் என்னைப் பார்த்தவர்கள், அந்தத் தட்டு ஏன் என் கையில் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள். மேடையில் வைத்துவிட்டு இறங்கும்போது என் கைகள் இலையின் ஈரத்தில் குளிர்ந்திருந்தன.

இனி, எனக்குத் தெரியாதவை. நாடகக் குழுவிடம் என் பிரதியின் நகல்கள் எத்தனை இருக்கின்றன என்பது தெரியாது. ஓரகத்தி என் கடிதத்தைப் படித்தாரா என்பது தெரியாது. அவரும் அக்காவும் இன்று பேசிக்கொள்கிறார்களா என்பது தெரியாது. அக்கா சொல்வதில்லை, நான் கேட்பதில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஒன்பது நாள்களில் அந்தப் பலகையை யாரேனும் இறக்கினார்களா, இறக்கியிருந்தால் அது என் அக்காவா என்பது எனக்குத் தெரியாது.